புளோரிடா நாட்கள் – 5: மூட்டை வாங்கப் போன கதை

ஒர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களில் வரிசையில் நின்றதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லாத காரணத்தால், அவற்றை விட்டுவிட்டு நேராக டிலாண்டுக்கு வந்துவிடுகிறேன். 1876-இல் ஹென்றி டிலாண்டு என்பவர் நிறுவித் தம் பெயரையே இட்ட இச்சிற்றூரில், தொப்பி வியாபாரத்தில் திரவியம் சேர்த்த ஜான் ஸ்டெட்ஸனின் பெயரால் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. ஆயினும் நாங்கள் போனது சரஸ்வதியைத் தரிசிக்க அல்ல. யுத்த காலத்தில் கடற்படை விமானிகள் பயின்ற இவ்வூர் மைதானத்தில், இப்போது பல தேசத்தவரும் வந்து ஆகாயத்திலிருந்து குதிக்கிறார்கள்.

ஒர்லாண்டோவில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை குமாரன், இருபத்தைந்து முறை குதித்து முதல் லைசென்ஸும் பெற்றுவிட்டபடியால், சொந்தமாகப் பாரசூட் வாங்க வேண்டுமென்று துடித்தான். “மாமா, பேரத்துக்கு உங்களை விட்டால் ஆளில்லை” என்று அவன் சொன்னதில் நான் மயங்கியது உண்மை. பித்தளை அண்டாவுக்கு விலை பேசிய கீர்த்தி எங்கள் குடும்பத்தில் எனக்கு உண்டு.

மைதானத்து ஓரத்தில் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு சிரித்த முகத்துக்காரர், மயில் கழுத்து வர்ணத்தில் பளபளத்த பழைய மூட்டை ஒன்றை எடுத்துக் காட்டி 3,200 டாலர் என்றார். நான் முகத்தைச் சுளித்தும், இரண்டு தடவை புறப்பட்டுப் போவதாகப் பாவனை செய்தும், கடைசியில் 2,600-க்கு இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பையன் அதற்குள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

“பணத்தைக் கொடுக்கும் முன் இங்கே கொண்டு வாருங்கள்” என்று குரல் வந்தது. பாரசூட் மடிப்பதற்கும் பரிசோதிப்பதற்கும் சர்க்கார் அத்தாட்சி பெற்ற ரிக்கர் ஒருவர்; ஐம்பதைக் கடந்த அம்மாள். அவருடைய அறையில் துணியில் மணல் ஒட்டக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நம் கோயில் பிராகாரங்கள் சிலவற்றைக்கூட அவ்வளவு சுத்தமாக நான் கண்டதில்லை.

வர்ணத்தை அந்த அம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. முதுகுப் பையிலிருந்து ஓர் அட்டையை உருவினார். பிரதான பாரசூட் மோசம் செய்தால் உயிர் காப்பதற்கென்று அதே மூட்டைக்குள் ரிசர்வ் என்ற இரண்டாவது பாரசூட் இருக்கிறது. அதை 180 நாளைக்கு ஒரு முறையாவது ரிக்கர் பிரித்துச் சோதித்து, மீண்டும் மடித்து, முத்திரையிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இதன் அட்டையில் கடைசிக் கையெழுத்துக்கு இரண்டு வயது! குதிப்பவன் பிரக்ஞை இழந்து விழுந்தாலும் தாழ்ந்த உயரத்தில் தானாகவே ரிசர்வைத் திறந்துவிடும் சிறு யந்திரத்தின் ஆயுளும் முடிந்திருந்தது.

பிறகு பென்சிலை எடுத்தார். பையனும் அவன் சுமையும் சேர்ந்து 190 பவுண்டு. பாரசூட்டோ 150 சதுர அடி. புதியவனுக்குச் சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் கூடாது என்றும், சிறிய துணி வேகமாகப் பறக்குமென்றும், ஒழுங்காக விரிந்த பாரசூட்டோடு தரைக்கு அருகில் அவசரமாகத் திரும்பி இறந்தவர்கள் அநேகர் என்றும், கணக்கு வாத்தியார் குரலில் சொன்னார். தோள்பட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மூன்று வளையங்களை மட்டும் மெச்சினார். சிக்கிக்கொண்ட பிரதான பாரசூட்டை ஒரே இழுப்பில் கழற்றி எறிவதற்காக, இவ்வூரிலேயே தொழில் நடத்திய பில் பூத் கண்டுபிடித்த ஏற்பாடாம் அது. அத்தனை இரும்பையும் பிடித்து வைத்திருப்பது விரற்கடை நீளக் கயிற்று வளையம் ஒன்று. 1797-இல் பாரிஸில் பலூனிலிருந்து குடை பிடித்து இறங்கிய கார்னெரின், உச்சியில் காற்றுப் போகத் துவாரம் இல்லாததால் ஊஞ்சலாடித் தவித்தது என் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு இப்படியொரு அம்மாள் வாய்க்கவில்லை.

மூட்டையைத் திருப்பியபோது, சிரித்த முகத்துக்காரர் சிரிப்பை நிறுத்தாமலே “2,000 கொடுங்கள்” என்றார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பையனின் உயிரைக் குறித்தா, என் பேரத் திறமை சந்தி சிரித்ததைக் குறித்தா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கிய சண்டையைத் தமிழில் முடித்தேன். ரிக்கர் அம்மாளோ பரிசோதனைக் கூலி வாங்க மறுத்து, இன்னும் ஒரு வருஷம் பெரிய பாரசூட்டை வாடகைக்கு எடுத்தே குதிக்கும்படி பையனுக்கு உத்தரவிட்டார். மணிக்கட்டில் கட்டும் உயரமானி ஒன்றும், தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் நழுவாத கறுப்பு ஹெல்மெட் ஒன்றும் வாங்கினோம். பளபளத்த வேறொன்றை நான் எடுத்துக் கொடுக்க, அவன் அதைத் திருப்பி வைத்துவிட்டான்.

மறுநாள் ஆசிரியர் ஒருவரின் மார்போடு என்னையும் பிணைத்துத் தள்ளினார்கள். காது வலித்தது, கன்னம் காற்றில் படபடத்தது, வேறு விசேஷமில்லை. பிற்பகல் இடிமழை பிடித்துக்கொள்ளவே, காரிலேயே தயிர்சாதம் சாப்பிட்டோம். அச்சமயம் பார்த்து ஊரிலிருந்து என் தமக்கை போன் செய்தாள். பையன் கண்ணாலேயே கெஞ்சினான். தொப்பிக்காரர் சர்வகலாசாலையைப் பற்றி விஸ்தாரமாக எடுத்துரைத்தேன்.

“அங்கே ஏதாவது வாங்கினீர்களா?” என்றாள்.

“ஒரு தொப்பி” என்றேன்.

(தொடரும்)