பாறை இடுக்கில் ஒரு பூ

பள்ளிச் சுற்றுலாவுக்காக மாணவர்களை லூமுட்டை அடுத்த தெலுக் பாத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கரையின் கோடியில் பாறைகள். அவற்றின் இடுக்கில், ஒரு பிடி மண்ணில் வேரூன்றி, இளஞ்சிவப்பாக ஐந்திதழ்ப் பூ ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது என்ன பூ?" என்றாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

பக்கத்தில் பலகாரம் விற்ற மலாய் மாது, "கெமுந்திங் சீனா" என்றார். நான் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். "தைப்பிங் பக்கம் கமுந்திங் என்று ஊர் இருக்கிறதே, அந்தச் செடிதான். பழம் தின்னலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை வந்தாள். "டீச்சர், பாட்டி சிரிக்கிறாங்க. இது நித்தியகல்யாணியாம். சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்களாம். பழமே வராதாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மாலையே தோட்டத்து மேட்டில் தேடி ஒரு கெமுந்திங் கிளையை ஒடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும் அந்த லயத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. பாட்டி திண்ணையில் இருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கெமுந்திங் பூவின் நடுவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்கின்றன. இலையில் மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அடிப்புறம் வெளுத்திருக்கிறது. கொய்யா இனம் அது. கருநீலப் பழம் தரும். நித்தியகல்யாணிப் பூவின் நடுவிலோ ஊசி முனை போல ஒரு துளைதான். இலை பளபளப்பு, நடு நரம்பு வெள்ளை. பழத்துக்குப் பதில் மெல்லிய காய்கள் இரண்டிரண்டாக நிற்கும். பேரில் சீனா இருந்தாலும் அதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

"பேரை விடும்மா. இந்த இலையைத்தான் இனிப்பு நீருக்குக் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன்" என்றார் பாட்டி.

எனக்குத் திக்கென்றது. படித்தது நினைவுக்கு வந்தது. ஜமைக்காவிலும் இப்படித்தான் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து கனடாவுக்கு வந்த இலைகளை ராபர்ட் நோபிள் என்ற மருத்துவர் எலிகளிடம் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள்தான் குறைந்தன. 1958இல் அவரும் சார்லஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்த செய்தியை வெளியிட்டார்கள். இதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்ற உதவுகிறது. ஆனால் அதை மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். நம் அடுப்புச் சட்டியில் ஏது அளவு?

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கிளினிக்குப் போறப்போ டாக்டர்கிட்ட காட்டணும். இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடும்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

செடியைப் பிடுங்க வேண்டாம் என்றேன். அது வாசலில் நிற்கிறது, அழகுக்கு.

பெற்றோர்களே, பேரை அரைகுறையாகக் கேட்டு நான் தவறினேன். பேரைச் சரியாக அறிந்த பாட்டி அதன் குணத்தை அறியாதிருந்தார். ஒரு செடியை வாயில் வைக்குமுன் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆசிரியையான எனக்கே அது இப்போதுதான் பழகுகிறது.