‘எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு’

கோவையின் வார்ப்பட ஆலைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பம்பு செட் தயாரிக்கும் நண்பர் ஒருவர் அழைத்தார். “இரும்பு ஊத்துறவங்களப் பத்தி எழுதுனீங்க, லேத்துல கடைசல் பிடிக்கிறவங்களப் பத்தி எழுதுனீங்க. இன்னிக்கு என் கம்பெனில இருந்து லாரி கிளம்பணும்னா இன்னொருத்தங்களும் வேணுமுங்க. அவங்களப் பத்தி ஒருத்தரும் எழுதறதில்ல” என்றார். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் சிறிய அலுவலகத்தின் முகவரியைக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2020 அக்டோபர் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து 64 எழுத்து நீளமுள்ள பதிவெண்ணும் க்யூஆர் குறியீடும் திரும்பி வந்தால்தான் அந்த பில் செல்லும். தினமும் கட்டுக்கட்டாக பில் போடும் ஆலையில் ஒவ்வொன்றையும் தளத்தில் கையால் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆலையின் கணக்கு மென்பொருளுக்கும் அரசுத் தளத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு மென்பொருள் நின்று, இங்கே எடுத்து அங்கே கொடுக்கிறது, அங்கே வாங்கி இங்கே எழுதுகிறது. டீலர் இருப்பு, வங்கி வரவு, வெளிநாட்டு வாங்குநரின் ஆர்டர் எல்லாமே இன்று இந்த வழியில்தான் ஓடுகின்றன. அந்த இணைப்பு நின்றுபோனால் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே வரி: ‘கனெக்ஷன் ஃபெயில்டு’.

எங்கே அறுந்தது என்று அந்த வரி சொல்லாது. கண்டுபிடிப்பதுதான் மாடியில் இருப்பவர்களின் தொழில்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியும் இரண்டு மூன்று இளைஞர்களும் இருந்தார்கள். இளைஞர்கள் அவரை ‘அக்கா’ என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். உட்கார்ந்து காப்பி குடிப்பதற்குள் குறிச்சி பக்கமிருந்து ஓர் ஆலைக் கணக்காளர் அழைத்துவிட்டார். லாரியில் லோடு ஏறிவிட்டது, பில் போகவில்லை.

“ஏனுங்ணா, காலைல இருந்து என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணுமே மாத்தலீங்க.”

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லா அழைப்புகளுக்கும் இதுதான் முதல் கேள்வியாம், எல்லோரும் சொல்வது இந்த ஒரே பதிலாம். பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாமலேயே ஏதாவது மாறியிருக்கும் என்றார்.

தொலைவிலிருந்தே ஆலையின் சர்வருக்குள் போனார். இணைப்பு மென்பொருளின் வண்ணத் திரையை ஒரு பார்வை பார்த்து மூடிவிட்டு, கட்டளைகளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்தார். அவருடைய வேலையில் பெரும்பகுதி அந்தச் சன்னலில்தான் நடக்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரி எண் வருகிறதா என்று முதலில் பார்த்தார், வந்தது. அடுத்து ‘பிங்’. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் தன் நெட்வொர்க் கோளாறைத் தேடுவதற்காக எழுதிய சிறு நிரல் அது. பிங்குக்குப் பதில் வரவில்லை. இளைஞர் ஒருவர் “சர்வர் டவுனுங்க்கா” என்றார். “அப்பிடிச் சொல்லாத கண்ணு. பிங்கை மட்டும் அடைச்சு வச்சிருப்பாங்க. போர்ட்டைத் தட்டிப் பாரு” என்றார் அக்கா.

ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் இருக்கும் எண்ணிட்ட வாசல்தான் போர்ட். அதைத் தட்டிப் பார்க்கும் கருவி டெல்நெட். என் மனம் அன்று முழுக்க இந்தக் கருவியிலேயே நின்றுவிட்டது. 1969-இல் இணையத்தின் முன்னோடி வலையமைப்பு பிறந்த காலத்திலேயே தோன்றியது. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யத்தான் அதை உருவாக்கினார்கள். பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பும் என்பதால் அந்த வேலைக்கு இன்று அதைத் தொடுவது தவறு. விண்டோஸிலும் விஸ்டா பதிப்பிலிருந்து தானாக வருவதில்லை, நாம்தான் தேடி இயக்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு முகவரியின் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். டேட்டாபேஸ்களில் எஸ்க்யூஎல் சர்வர் என்றால் 1433, ஆரக்கிள் என்றால் 1521, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, பாதுகாப்பான இணையவழி என்றால் 443. இந்த எண்கள் அக்காவின் விரல் நுனியில் இருக்கின்றன.

பதில் மூன்று விதமாக வரும். திறந்தால் சன்னல் வெறுமையாகி நிற்கும். ‘ரெஃப்யூஸ்டு’ என்று சட்டென்று வந்தால், நாம் தட்டிய வீட்டில் ஆள் இருந்து, இங்கே அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். வழி சரி, இயந்திரமும் உயிரோடிருக்கிறது, அந்த போர்ட்டில் நிரல் ஓடவில்லை. ஒன்றுமே வராமல் இருபது விநாடி தொங்கி ‘டைம் அவுட்’ ஆனால், நாம் அனுப்பியதை நடுவில் காவல் நிற்கும் ஒரு ஃபயர்வால் பதில் சொல்லாமல் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால் சர்வர்காரரைக் கூப்பிட வேண்டும், ‘டைம் அவுட்’ ஆனால் நெட்வொர்க்காரரை. ஆள் மாறிப் போனால் ஒரு நாள் வீண். கருவியைவிடப் பெரியது அந்த அமைதியின் நீளத்தைப் படிக்கத் தெரிந்த கை.

குறிச்சி ஆலைக்கு 443 திறந்தது. அப்படியானால் வழியில் தடையில்லை, வாசலில்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அக்கா ஆலையின் வெளி ஐபி எண்ணைப் பார்த்தார். தன் பதிவிலிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். இரண்டும் வேறு.

“அண்ணா, உங்க ரோட்டுல எதாச்சும் தோண்டுறாங்ளா?”

“ஆமாங்க, சாக்கடைக்கு. ஆனா நெட்டு நல்லாத்தான் வருது.”

நல்லாத்தான் வருகிறது, இரண்டாவது லைனில். தோண்டியதில் முதல் கேபிள் அறுந்திருக்கிறது. ரவுட்டர் தானாகவே இன்னொரு நிறுவனத்தின் லைனுக்கு மாறியிருக்கிறது. மின்னஞ்சலும் வாட்ஸப்பும் ஓடுவதால் யாருக்கும் தெரியவில்லை. அரசுத் தளத்தோடு நேரடியாக இணையும் நிறுவனம் தன் வெளி ஐபியை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாத எண்ணிலிருந்து வரும் மென்பொருளை அது ஏற்காது. அந்த ஒரு பில்லை மட்டும் தளத்தில் கையால் போடச் சொல்லி லாரியை அனுப்பிவைத்தார். இரண்டாவது லைனுக்கும் மாறாத ஐபி வாங்கி, அதையும் பதியுங்கள் என்று எழுதி அனுப்பினார். பேசி முடிக்கும்போது காப்பி ஆறிவிட்டிருந்தது.

இணைப்பு நிற்க வேறு காரணங்களும் உண்டு. இணையத் தளங்கள் தங்களை அடையாளம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எப்படி ஒன்றையொன்று சரிபார்க்கின்றன என்று இளைஞர்கள் பலகையில் வரைந்து விளக்கியதை இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் இந்தச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாகக் குறைந்தது. அது படிப்படியாகச் சுருங்கி, 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகிவிடும். ஆண்டுக்கொரு முறை யாரோ புதுப்பிக்க மறந்து நின்ற இணைப்பு, தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யாத இடங்களில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நிற்கும்.

பாஸ்வேர்டு சிக்கல் எளிதில் புரிந்தது. ஆரக்கிளில் நாமாக மாற்றாவிட்டால் பாஸ்வேர்டின் ஆயுள் 180 நாள். முடியும்போது யாரோ ஒருவர் மாற்றிவிடுகிறார், இணைப்பு மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முயலும். பத்து முறை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். பிறகு சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே போக முடியாது. “மொதல்ல ஜாபை நிறுத்தணும். அப்பறந்தான் பூட்டைத் திறக்கணும். மாத்திச் செஞ்சா திறந்த நிமிஷத்துல மறுபடியும் பூட்டிக்கும்” என்றார் அக்கா. மென்பொருள் தானாக ஓட்டும் வேலையைத்தான் ஜாப் என்கிறார்கள். 64 பிட் விண்டோஸில் டேட்டாபேஸ்களோடு பேச உதவும் 32 பிட் டிரைவர்களுக்கான கருவி ‘சிஸ்வாவ்64’ என்ற கோப்புறையிலும், 64 பிட்டுக்கானது ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறையிலும் இருக்கிறது என்பதை அவர் காட்டியபோது நான் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். உண்மைதான். புதிதாக வேலைக்கு வருபவர்களின் எத்தனையோ இரவுகளை இந்தப் பெயர்க் குழப்பம் தின்றிருக்கிறது.

அக்காவின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது இவர் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் பில் அடிக்கும் வேலையில் தொடங்கி, இரவில் டேட்டாபேஸ் பாடம் படித்து, சென்னைக்குப் போய், பழைய மகாபலிபுரம் சாலையில் பல ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தரவு ராத்திரியோடு ராத்திரியாக ஓரிடத்தில் சேர வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் ஒரு ஜாப் தொங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடுவதாகவே காட்டும், முடியாது. டேட்டாபேஸ் பிரிவைக் கேட்டால் “எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு, வினவல் முடிஞ்சுபோச்சு” என்பார்கள். நெட்வொர்க் பிரிவைக் கேட்டால் “எங்க பக்கமும் சரியாத்தான் இருக்கு” என்பார்கள். மென்பொருள் நிறுவனத்தின் பதிலும் அதுவே.

அக்கா லாக் கோப்புகளை எடுத்து நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வினவல்கள் எல்லாம் சேர்ந்திருந்தன. ஒரு மணியைத் தாண்டியவை எல்லாம் தொங்கியிருந்தன. மாதக் கடைசியில் தரவு கூடுவதால் வினவல் நீள்கிறது. அந்த நேரம் முழுக்க இணைப்பில் ஒரு பைட்கூடப் போவதில்லை. ஒரு மணி நேரம் சத்தமில்லாத இணைப்பை நடுவிலிருந்த ஃபயர்வால் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது, இரு முனைக்கும் சொல்வதில்லை. டேட்டாபேஸ் வேலையை முடித்து விடையை அனுப்புகிறது, ஃபயர்வால் அதைக் கீழே போடுகிறது. வாங்க வேண்டிய மென்பொருள் விடியும்வரை காத்துக்கொண்டேயிருக்கிறது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் அதன் இயல்பான இடைவெளி 7,200 விநாடி. இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டு என்ன பயன்? 600 விநாடியாக மாற்றும்படி எழுதிக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் ஜாப் முடிந்தது.

மூன்று தரப்பினரும் தங்கள் பக்கத்தை மட்டும் பார்த்தபோது, எந்தப் பக்கமும் தன்னுடையதாக இல்லாத ஒருவர் நடுவில் இருந்ததைப் பார்த்தார். அந்த மாற்றத்தைத் தன் கையால் செய்ய அவருக்கு அனுமதி இருக்கவில்லை. கண்டுபிடிப்பு மேலே போன அறிக்கையில் அவர் பெயரும் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்பதற்கு அவர் சம்பளம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் இங்குள்ள பெரிய நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தது. பெரிய நிறுவனம் அதை நடுத்தர நிறுவனத்துக்குத் தந்தது. அது ஓர் ஆள்சேர்ப்பு கன்சல்டன்சியிடம் ஆள் கேட்டது. கன்சல்டன்சி அக்காவை அனுப்பியது. ஒவ்வொரு கை மாறும்போதும் மணிக்கூலியில் ஒரு பங்கு கழன்றது. வாடிக்கையாளர் தன் வேலைக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. விலகியபோது கன்சல்டன்சி விடுவிப்புக் கடிதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அலையவிட்டுத்தான் கொடுத்தது.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. நூலையும் சாயத்தையும் தொடாத இடைத்தரகர் நெசவாளியின் உழைப்பில் கொழுப்பதை நாம் எத்தனை முறை எழுதியிருக்கிறோம். கண்ணாடிக் கட்டடத்துக்குள் நடந்தால் மட்டும் அதற்கு வேறு பெயரா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து லாக் படித்தவர் ஒருவர். அவருடைய மணிக்கணக்கை விற்றவர்கள் மூவர், ஒரு போர்ட்டைக்கூடத் தட்டிப் பார்க்காதவர்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சரக்கு மூட்டை தூக்குகிறவருக்காக எழுதிய அந்த நியாயம் தரவு மூட்டை சுமப்பவருக்கும் பொருந்தும். வேலைக்கு உண்மையில் எவ்வளவு தொகை கொடுக்கப்படுகிறது என்று வேலை செய்கிறவருக்குத் தெரிவிப்பதைச் சட்டமாக்கினாலே பாதி சுரண்டல் நின்றுவிடும்.

இந்த வேலை சரியாக முடிந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பில் போகும், லாரி போகும், அவ்வளவுதான். செய்தவரைக் குறைத்து மதிப்பிட அது வசதியாக இருக்கிறது. அக்கா கோவைக்குத் திரும்பி, தோழி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக இந்த அலுவலகத்தைத் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான். இப்போது ஆலைகள் நேரடியாக அவருக்கே பணம் கொடுக்கின்றன. சேர்க்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் கறுப்புச் சன்னல் மட்டும்தான். இணைப்பு மென்பொருளை அதற்கு அப்புறம்தான் தொடவிடுகிறார்.

ஆலை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இணைய லைனை மாற்றும் முன், ஃபயர்வால் வாங்கும் முன், சர்வரை இடம் மாற்றும் முன், பாஸ்வேர்டைப் புதுப்பிக்கும் முன், உங்கள் இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கோளாறைக் கண்டுபிடித்தால் சரிசெய்யும் அனுமதியையும் அவரிடமே கொடுங்கள். அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நடுவில் யாருடைய கையும் படாமல் அவரிடமே கொடுங்கள்.