ஏழாம் மெட்டின் புள்ளி

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்கள். கிதாருக்கும் அதையே வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பாட்டின் மெட்டுக்கும் கம்பியின் மெட்டுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் வராதா என்பார்கள். இதுவரை எனக்கு வந்ததில்லை.

இரும்புத் தந்தி பூட்டிய கிதாரைப் பார்த்தவர்கள் அதன் விரல்பலகையில் வெண்புள்ளிகளைக் கவனித்திருப்பார்கள். 3, 5, 7, 9 ஆகிய மெட்டுகளின் இடைவெளியில் ஒவ்வொன்று, 12இல் இரண்டு. அதற்கு மேல் 15, 17, 19. விலை கூடிய வாத்தியங்களில் புள்ளிகள் சிப்பியில் இருக்கும், மலிவானவற்றில் பிளாஸ்டிக். வாசிப்பவரின் கண்ணுக்கென்று கழுத்தின் மேல்விளிம்பிலும் அதே இடங்களில் சிறு புள்ளிகள் உண்டு. முகப்பில் இருப்பவை பெரும்பாலும் சபைக்கு. விளிம்பில் இருப்பவையே வாசிப்பவருக்கு. மாண்டலின், உகுலேலே போன்றவற்றில் ஒன்பதை விட்டுவிட்டுப் பத்தில் புள்ளி வைப்பது வழக்கம். பிரான்சில் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த வகைக் கிதார்களிலும் பத்துதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் சில நாள் தடுமாறுவார்கள். இவ்வளவு சின்ன விஷயத்தில் உலகம் ஒத்துப்போகவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நைலான் தந்தி பூட்டிய ஸ்பானிய மரபுக் கிதாரில் இந்தப் புள்ளிகள் கிடையாது. கருப்பாக, மொட்டையாக, ஒரு தகவலும் சொல்லாமல் கிடக்கும் பலகை. இன்றைய வடிவத்தை நிலைப்படுத்திய அல்மேரியாக்காரர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817-1892) காலம் தொட்டு அப்படித்தான். அதற்கு முந்தைய லூட்டிலும் பழைய கிதாரிலும் மெட்டு என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பு, வேண்டும்போது நகர்த்திக்கொள்ளலாம். நகரும் மெட்டுக்கு நகராத புள்ளி எதற்கு என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். இன்னொரு காரணம் வெளிப்படையானது. மரபுக் கிதாரில் கழுத்து உடலோடு சேரும் இடமே பன்னிரண்டாம் மெட்டு. கையை மேலே கொண்டுபோனால் உடலின் தோள் தடுக்கும். தந்தியின் பாதி வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் 1929இல் பதினான்காம் மெட்டில் உடல் சேரும் கிதாரைக் கொண்டுவந்தது. அது பரவிய பிறகு அந்தத் தோள் இரண்டு மெட்டு தள்ளிப்போய்விட்டது. அத்தகைய வாத்தியத்தில் பன்னிரண்டுக்குக் கண்ணால் ஓர் அடையாளம் தேவைதான்.

என் அண்ணனுடைய கிதார் மொட்டைப் பலகை வகை. ஊர் திரும்பவிருந்த ஒரு ஸ்பானிய மாணவரிடமிருந்து 1988இல் வாங்கியது. அப்போது அண்ணனுக்கு முதல் வேலை. இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பக்கப் பலகைகளின் மரம் 'பாலோசாந்தோ தெ இந்தியா' என்று இருந்தது. இந்தியாவின் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அதே ஈட்டிதான். பிரேசிலின் ஈட்டி கிடைப்பது அரிதாகிப்போகவே மார்ட்டின் நிறுவனம் 1969இல் நம் மரத்துக்கு மாறியது. ஸ்பெயின்காரர்களும் அதைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். மலையிலிருந்து இறங்கிக் கடல் தாண்டிக் கிதாராகி மறுபடி கோவைக்கு வந்து சேர்ந்த மரம் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எந்த மலையின் மரம் என்று யாருக்குத் தெரியும்? நான் மறுத்துப் பேசியதில்லை.

அந்தப் பலகையில் எதையும் ஒட்டவோ எழுதவோ அவர் யாரையும் அனுமதித்ததில்லை. நான் கற்றுக்கொள்ள முயன்ற நாட்களில் அழிப்பான் திரவத்தால் விளிம்பில் ஒரு பொட்டு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "கை பழகணும்டா, கண் இல்லே" என்றார். இத்தனைக்கும் மரபுக் கிதார் வாசிப்பவர்களிலேயே பலர் ஏழாம் மெட்டின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி வைத்துக்கொள்வதுண்டு. சில பட்டறைகளில் செய்யும்போதே வைத்துவிடுகிறார்கள். அண்ணன் அதையும் ஏற்கவில்லை. அவர் காலத்து ஆட்களிடம் இந்த வகை வைராக்கியம் உண்டு. அதில் பாதி கலை, பாதி வீம்பு என்பது என் கட்சி.

2019இல் அவருக்குக் கண் நீர் அழுத்த நோய் என்று தெரிந்தது. கிளாக்கோமா. பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிறது. இழந்த பார்வை திரும்புவதில்லை. சொட்டு மருந்தும் அறுவையும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான். இதன் வஞ்சம் என்னவென்றால் அது ஓரத்திலிருந்து தொடங்குகிறது. நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் மனிதருக்கு நோய் இருப்பதே தெரியாது. வாசல் நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வைத்த தம்ளரைக் கை தட்டிவிடும், கவனக்குறைவு என்று வீட்டில் திட்டு விழும். அண்ணி அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லி இன்னும் அழுவார்.

கிதாரில் அது எப்படித் தெரிய வந்தது என்பதை அண்ணன் எனக்கு விளக்கிய விதம் மறக்காது. கை மட்டுமே பழகியது என்று அவர் நாற்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார். கண்ணும் கூடவே வேலை செய்திருக்கிறது. சுவரைப் பார்த்து வாசிக்கும்போதும் கடைக்கண்ணில் இடக்கை எங்கே இருக்கிறது என்ற ஒரு மங்கல் நிழல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த நிழல் போன பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது. முதல் மூன்று மெட்டுகளுக்குள் ஒன்றும் சிக்கல் இல்லை. இரண்டிலிருந்து ஏழுக்கோ ஒன்பதுக்கோ தாவும் இடங்களில் விரல் ஒரு மெட்டு முன்னே பின்னே விழத் தொடங்கியது. தார்ரெகாவின் 'லாக்ரிமா' என்ற சிறிய உருப்படி, மாணவர்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் கற்பது, முதல் தந்தியில் நாலு, ஐந்து, ஏழு என்று முதல் அடியிலேயே ஏறும். அந்த ஏழு தவறியது. பெயருக்குக் கண்ணீர்த்துளி என்று பொருள். அண்ணன் இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தார்ரெகாவும் (1852-1909) சிறுவயதில் வாய்க்காலில் விழுந்து கண் பழுதானவர். பார்வை முழுக்கப் போய்விட்டாலும் பிள்ளை இசையால் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவருடைய தந்தை குடும்பத்தையே காஸ்தெயோன் நகருக்குப் பெயர்த்துக்கொண்டு போனார். 'அரன்ஹுவேஸ்' கான்செர்ட்டோவை 1939இல் எழுதிமுடித்த ரொத்ரிகோ மூன்று வயது முதல் பார்வையற்றவர். ஆனால் அவர் வாசித்தது பியானோ, கிதார் அல்ல. இதையெல்லாம் அண்ணனிடம் ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். "அவங்க சின்ன வயசுலயே பழகினாங்க. எனக்கு அறுபத்திமூணு" என்று முடித்துவிட்டார். பிறகு அவரே, "விளிம்புல புள்ளி வெச்சுக் குடுக்கறியாடா?" என்று கேட்டார். குரலில் எந்த நாடகமும் இல்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறாயா என்று கேட்பது போலத்தான் இருந்தது.

ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்க்கலாம் என்றேன். வியர்வையில் நகர்ந்துவிடும் என்றார். அது உண்மைதான். நகப்பூச்சு ஆறு மாதத்தில் உதிரும். துளையிட்டுப் பதிப்பதுதான் நிலைப்பது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாத்தியத்தில் துளையிடுவது என்பது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, உரியவருக்கு இல்லை.

எங்கே வைப்பது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். மெட்டு எப்படி அமைகிறது என்று தெரிந்தால் அந்தக் கணக்கு எளிது. கழுத்தின் தலைப்பில் தந்தி படிந்து செல்லும் எலும்புத் துண்டு முதல் குதிரை வரை உள்ள நீளம் அண்ணனுடையதில் 650 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் வருவது முதல் மெட்டின் தூரம், ஏறக்குறைய 36.5. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325இல் விழும். கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் லூட்டுக்கு 18 என்ற முழு எண்ணைப் பரிந்துரைத்தார். கணக்கிட வசதி; ஆனால் 650 நீளத்தில் அந்த முறைப்படி போனால் பன்னிரண்டாம் மெட்டு பாதிக்கு இரண்டரை மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். தந்தையின் பட்டறையில் தந்தியும் எடையுமாக நடந்த சோதனைகளைப் பார்த்துத்தான் மகன் அளந்து பார்க்கும் புத்தியைப் பெற்றார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம்.

புள்ளி மெட்டின் மேல் வராது. விரல் அழுத்தும் இடைவெளியின் நடுவில் வரும். ஐந்தாம் புள்ளி நாலாம் மெட்டுக்கும் ஐந்தாம் மெட்டுக்கும் நடுவே, தலைப்பிலிருந்து 148.6 மில்லிமீட்டரில். ஏழாவது 203.3. ஒன்பதாவது 252. பன்னிரண்டு வேண்டாம் என்றார் அண்ணன், தோள் இருக்கிறது. மூன்றும் வேண்டாம், அங்கே கை வழிதவறுவதில்லை. ஆக மூன்றே புள்ளி. ஐந்தும் ஏழும் வெறும் வழக்கத்தால் வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஏழாம் மெட்டு தந்தியை மூன்றில் ஒரு பங்கில் தொடுகிறது, ஐந்தாவது நாலில் ஒரு பங்கில். அங்கே அழுத்தாமல் மெல்லத் தொட்டுவிட்டு மீட்டினால் மணி போன்ற மெல்லிய ஒலி எழும். சுருதி கூட்டுவதே இந்த இரண்டு இடங்களை வைத்துத்தான். அதாவது, புள்ளி வைப்பதற்கு முன்பே தந்தி அங்கே அடையாளம் வைத்திருக்கிறது.

அச்சடித்த அளவுகோலை நம்பாமல், மெட்டுக்கு மெட்டு நேரடியாக அளந்து நடுவைக் குறித்தேன். விளிம்பில் காகித நாடா ஒட்டி அதன்மேல் கூர்மையான பென்சில். விரல்பலகையின் கனம் ஆறு மில்லிமீட்டர், அதிலும் நடு. பலகை கருங்காலி, இரும்பு போல இருக்கும், அவசரப்பட்டால் விளிம்பு சில்லாகப் பெயரும். குத்தூசியால் ஒரு சிறு பள்ளம் செய்து, கையால் திருகும் துளைப்பானில் 2 மில்லிமீட்டர் அலகைப் பொருத்தி, அலகின் மேல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு துண்டு நாடாவைக் கொடிபோல ஒட்டிக்கொண்டேன். கொடி மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும். மின்துளைப்பான் வீட்டில் இருந்தது, எடுக்கவில்லை. ஒரு துளைக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கருங்காலித் தூள் மிளகுத்தூள் போல வந்தது. அண்ணி பார்க்கப் பிடிக்காமல் சமையலறைக்குப் போய்விட்டார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டே, "இப்ப சத்தம் மாறுது, நேரா பிடி" என்று இரண்டு முறை திருத்தினார். இரண்டு முறையும் அவர் சொன்னது சரி.

புள்ளிக்கு, கட்டட மாதிரி செய்யும் மாணவர்கள் வாங்குகிற வெண்ணிறப் பிளாஸ்டிக் குச்சி, 2 மில்லிமீட்டர். சிப்பியில் வைத்தால் அழகு என்று எனக்கு ஆசை. சிப்பி ஒளிக்கு ஒளி நிறம் மாறும். அவருக்கு வேண்டியது கருப்பின் மேல் மாறாத வெள்ளை. அழகு அங்கே விட்டுக்கொடுத்தது. துளையில் ஊசிமுனையளவு ஃபெவிக்விக், குச்சியைச் செருகிக் காய்ந்தபின் அறுப்பது. அண்ணனுடைய கிதாரின் மெருகு அரக்கு. அதில் பசை ஒரு துளி சிந்தினாலும் வடு நிற்கும் என்பதால் கழுத்து முழுவதையும் துணியால் சுற்றியிருந்தோம்.

ஐந்தையும் ஒன்பதையும் விளிம்போடு சமமாக அறுத்து, 400, 600 எண் உப்புத்தாளால் தேய்த்து முடித்தேன். ஏழில் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "அதைக் கொஞ்சம் தூக்கலா விடு." எதற்கு என்று நான் கேட்கவில்லை. மருத்துவர் அவரிடம் சொன்னதை அண்ணி எனக்கு முன்பே சொல்லியிருந்தார். வெள்ளைப் புள்ளிகள் இன்றைக்கு; மேடான புள்ளி பிறகு வரக்கூடிய நாளைக்கு.

எவ்வளவு மேடு? இடக்கையின் பெருவிரல் கழுத்தின் பின்னால் இருக்கும். அதன் நுனியைச் சற்று மேலே ஏற்றினால் விளிம்பைத் தொடலாம். வாசிக்கும்போது உறுத்தக் கூடாது, தேடும்போது தட்டுப்பட வேண்டும். மெழுகை உருட்டி ஒட்டி இரண்டு மூன்று உயரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். கடைசியில் ஒரு விசிட்டிங் கார்டில் துளைபோட்டுக் குச்சியின் மேல் மாட்டி, கார்டின் பரப்போடு அறுத்தேன். கார்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு மேடு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஓரங்களை மழுக்கியதும் அரிசி நொய்யைத் தொடுவது போல இருந்தது.

அன்றைக்கு அவர் உடனே வாசிக்கவில்லை. பசை முழுக்க ஆறட்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டார். நான் ஊருக்குத் திரும்பி நாலு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். ஐந்தாம் புள்ளி உதவுகிறதாம், குறிப்பாக மாலை விளக்கில். ஒன்பது அவ்வளவாகத் தேவைப்படவில்லையாம். ஏழைப் பற்றி நான்தான் கேட்டேன். வாசிக்கத் தொடங்குமுன் ஒருமுறை பெருவிரலால் தொட்டுக்கொள்கிறேன் என்றார். அங்கிருந்து ஐந்தும் ஒன்பதும் எவ்வளவு தூரம் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. 'லாக்ரிமா' சரியாக வருகிறதா என்றேன். பத்துக்கு எட்டு முறை என்றார். அவர் எண்ணிவைத்துச் சொல்கிற ஆள், ஆறுதலுக்காகக் கூட்டிச் சொல்லமாட்டார்.

மிச்சமிருந்த வெள்ளைக் குச்சியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கிதார்ப் பெட்டியில் மாற்றுத் தந்திகள் வைக்கும் உறையில் இருக்கிறதாம். ஐந்தையும் மேடாக்க வேண்டி வந்தால் அதே குச்சி இருக்கட்டும், வெள்ளை வேறு வேறாக இருந்தால் நன்றாக இருக்காது என்றார்.