கையிருப்பு 90 நாள்

ஐரோப்பாவைத் தனியாகச் சுற்ற நினைப்பவர் முதலில் கையில் எடுப்பது வரைபடத்தை. எடுக்க வேண்டியது காலண்டரை. குழுச் சுற்றுலாவில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. பன்னிரண்டு நாளில் ஏழெட்டு நாடு, வேளாவேளைக்குச் சாம்பார் சாதம், வாசலில் பஸ் என்று எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டரை மாதம், ஒரே ஆள், ஒரே பை என்று கிளம்புகிறவரின் கதை வேறு. ரயிலைத் தவறவிட்டால் கேட்க ஆளில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்க அவரேதான் எழுந்து போக வேண்டும். அவருக்குத் திட்டம்தான் பயணத் துணை. ஆனால் எதைத் திட்டமிடுவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் பலரும் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். எந்த மியூசியத்துக்கு எத்தனை மணிக்கு என்று பட்டியல் போட்டு முடித்தவர்கள்கூட, எத்தனை நாள் தங்க அனுமதி என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

1985 ஜூன் 14-ல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தையொட்டி, மோஸெல் நதியில் ஒரு படகில் வைத்து ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபோது நாடுகளின் எண்ணிக்கை 29 ஆனது. ஒரே விசாவில் லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி வரை போகலாம். ஆனால் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும். பிரான்சுக்கு 90, இத்தாலிக்கு 90 என்று தனித்தனிக் கணக்கு கிடையாது. நுழைகிற நாளும் வெளியேறுகிற நாளும் முழு நாளாகவே சேரும்.

இந்த 180 நாள் கணக்கு பலரையும் குழப்புவது. அது ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்குகிற அரையாண்டு அல்ல. ஒவ்வொரு நாளும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். ஏப்ரல் 10-ல் நுழைந்து ஜூன் 23-ல் வெளியேறுகிறவர் 75 நாள் செலவழித்திருப்பார். செப்டம்பரில் மறுபடி போக நினைத்தால் அவரிடம் மிச்சம் 15 நாள்தான். அக்டோபர் 7-லிருந்துதான் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழியத் தொடங்கும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய மங்கலான முத்திரைகளை அதிகாரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்யும் கணினி முறை படிப்படியாக வந்துவிட்டது. கணினி தப்பாகக் கூட்டாது. ஒரு நாள் கூடினாலும் அபராதம் வரலாம், அடுத்த விசா கிடைக்காமல் போகலாம். எனவே 75 நாள் திட்டம் போட்டு 15 நாளைத் தொடாமல் வைத்திருப்பவர் புத்திசாலி. வேலை நிறுத்தம், சுளுக்கிய கால், ரத்தான விமானம் எல்லாம் அந்தப் பதினைந்தில் அடங்க வேண்டும்.

அதற்கும் முதலில் விசா கிடைக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். கோடைக் காலத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. அதிக நாள் தங்கப் போகிற நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. ‘அந்தத் தூதரகத்தில் சுலபமாகக் கிடைக்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போகாத நாட்டுக்கு விண்ணப்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது.

தனியாகப் போகிறவருக்கு இங்கே கூடுதலாக ஒரு சங்கடம். சென்னையிலோ டெல்லியிலோ மும்பையிலோ கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும், காகிதங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் திரும்பி வருவாரா? இரண்டரை மாத விடுப்பு என்றாலே சந்தேகம் வரும். விடுப்பை அனுமதித்து, மறுபடி வேலையில் சேரும் தேதியைக் குறிப்பிட்ட கடிதம், வருமான வரி ரசீதுகள், திடீரென்று வீங்காத வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகியவைதான் சாட்சிகள். குடும்பத்தை ஏன் அழைத்துப் போகவில்லை என்று உறவினர்கள் கேட்பார்கள். விசா அதிகாரிக்கோ, ஊரில் விட்டுவிட்டுப் போகிற குடும்பமே நல்ல சாட்சி.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் மகிழ்ச்சியில் உறையிலேயே வைத்துவிடக் கூடாது. அந்தச் சிறு தாளில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும் விசாவில் தங்கும் நாள் 30 என்று மட்டும் இருக்கலாம். ஒருமுறை நுழைவு என்று இருந்தால், இடையில் லண்டனுக்கோ பெல்கிரேடுக்கோ ஒரு நடை போய்வரலாம் என்று புறப்படுகிறவர் திரும்ப உள்ளே வர முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. செர்பியா, அல்பேனியா, மாண்டிநீக்ரோ போன்றவையும் வெளியேதான். பலமுறை நுழையும் விசா வைத்திருப்பவருக்கு இந்த பால்கன் நாடுகள் நல்ல வாய்ப்பு. அங்கே கழியும் நாட்கள் 90-ல் சேராது. ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களை அவற்றில் சில குறுகிய காலத்துக்கு அனுமதித்தும் வந்திருக்கின்றன. விதி அடிக்கடி மாறுகிறது என்பதால் கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியவருக்குப் பலனும் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர் இரண்டு ஆண்டு விசாவுக்குத் தகுதி பெறுகிறார்.

கையிருப்பு 75 நாள் என்று தெரிந்தபின்தான் வரைபடத்தைப் பிரிக்க வேண்டும். அப்போதும் பேராசை கூடாது. ஊருக்கு இரண்டு நாள் என்று 35 ஊர்களைப் பட்டியலிடுகிறவர் பார்க்கப்போவது 35 ரயில் நிலையங்களைத்தான். ஏழு ஊர், ஊருக்குப் பத்து நாள் என்பது தனியாகப் போகிறவருக்குப் பொருந்தும் கணக்கு. வாரக் கணக்கில் எடுத்தால் அறை வாடகை குறையும், துணி துவைத்துக் காயவைக்க நேரம் கிடைக்கும், மூன்றாம் நாளிலேயே காய்கறிக் கடைக்காரருக்கு முகம் பழகிவிடும். புகழ்பெற்ற ஊருக்குப் பதிலாக அதன் பக்கத்து ஊரில் தங்குவது இன்னும் மேல். இத்தாலியின் போலோன்யாவில் தங்கினால் ஃபிளாரன்ஸ் வேக ரயிலில் 40 நிமிடத்துக்குள்தான். மொதேனா, ஃபெராரா, ரவென்னா எல்லாம் காலையில் போய் இரவு திரும்பக்கூடியவை. வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்.

காலமும் முக்கியம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை பகல் நீளம், கூட்டம் மிதம். ஆகஸ்டில் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கடையை அடைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். தனியாக இருப்பவரை அந்த இருட்டு சும்மா விடாது.

யூரெய்ல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஆனால் பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்பது பாதி உண்மை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினின் வேக ரயில்களுக்கும் இரவு ரயில்களுக்கும் தனியாகப் பணம் கட்டி இடம் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்கு அது கட்டாயமில்லை. ஊருக்குப் பத்து நாள் தங்குகிறவருக்குப் பாஸைவிட, முன்கூட்டி வாங்கும் தனி டிக்கெட்டுகளே மலிவாக அமையலாம். கூட்டிக் கழித்துப் பார்க்காமல் பாஸ் வாங்கக் கூடாது. இத்தாலியின் சாதாரண ரயில்களில் காகித டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

முன்பதிவு செய்தே தீரவேண்டிய இடங்கள் சில உண்டு. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை, 15 நிமிடம் மட்டுமே நின்று பார்க்கவிடும் மிலானின் ‘கடைசி விருந்து’ ஓவியம், ஆறு வாரம் முன்னதாகவே டிக்கெட் வாங்க வேண்டிய ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் வீடு போன்றவை. இந்த மாதிரி நாலைந்தை நிச்சயித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

தங்குவதற்கு ஹாஸ்டல்கள் இருக்கின்றன. 1912-ல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில் தொடங்கியது இந்த வழக்கம். இளைஞர்களுக்கு மட்டும் என்று தயங்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் நரைத்த தலைக்கும் படுக்கை கிடைக்கும். பெண்களுக்குத் தனி அறைகளும் பல இடங்களில் உண்டு. பொதுச் சமையலறை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சைவக்காரருக்கு அதுதான் உயிர். காய்கறி சூப்பிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியில் உறைந்தது. ‘மீன் மட்டும்தானே’ என்று பரிமாறுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே அரிசியும் தயிரும் வாங்கிவைக்க வேண்டும்.

பணம் எடுக்கும்போது இயந்திரம் ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த அன்புக்கு மாற்று விகிதத்தில் விலை வைத்திருப்பார்கள். இரண்டு கார்டுகள், இரண்டு வெவ்வேறு இடங்களில். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு என்பது விசா விதி. அந்தத் தாளில் சிறு எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும், மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடும் எடுத்துப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர எண் ஒன்றே: 112.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. வேறு பல நாடுகளும் அவ்வப்போது அப்படிச் செய்கின்றன. ரயில் பெட்டிக்குள் ஏறும் போலீஸ்காரர் வரிசையாக எல்லோரையும் தாண்டி வந்து மாநிறக்காரரிடம் மட்டும் காகிதம் கேட்டால் மனம் புண்படும். ஆனாலும் அசல் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும் விஷயம், பிரதி மட்டும் இருந்தால் காவல் நிலையம்வரை போகக்கூடும். பயண நாளில் அசல் உடலோடு ஒட்டிய பையில் இருக்கட்டும். ஊர் சுற்றும் நாளில் எங்கே வைப்பது என்பதை அந்த நாட்டு விதி பார்த்து முடிவு செய்யலாம். தொலைந்தால் உள்ளூர் போலீஸில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவர்கள் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே உதவும். பயணம் அத்தோடு முடிந்தது.

எந்த வழிகாட்டிப் புத்தகமும் அதிகம் பேசாத செலவு ஒன்று உண்டு: தனிமை. முதல் வாரம் எல்லாமே புதிது. மூன்றாவது வாரத்தில், மாலை ஏழு மணிக்கு, நாலு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது வரும். இதற்கும் திட்டம் வேண்டும். ஒரே கடையில் தினமும் காபி, ஒரு வாரச் சமையல் வகுப்பு அல்லது மொழி வகுப்பு, நூலகத்தில் ஒரு பிற்பகல். ஸ்பெயினில் சாரியாவிலிருந்து சாந்தியாகோ தே கோம்போஸ்தெலாவரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர் யாத்திரைப் பாதை ஐந்தாறு நாள் நடை. தனியாக நடக்கத் தொடங்குகிறவர்கள் இரவு விடுதியில் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. கால் கொப்புளத்தைப் பற்றித்தான் பேச்சு.

வீட்டோடும் ஓர் ஒப்பந்தம் தேவை. கோடையில் பாரிஸுக்கும் ரோமுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்தரை, இங்கே இரவு ஒன்பது. அந்த நேரத்தில் பேசுவது, பேசமுடியாத நாளில் ஒரு வரிச் செய்தி. ஒரு நாள் தகவல் இல்லையென்றால் பதறக் கூடாது, இரண்டு நாள் ஆனால் இன்ன விடுதிக்கு இன்ன எண்ணில் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அம்மாவும் தூங்குவார், போனவரும் நிம்மதியாகச் சுற்றுவார். தனியாகப் போகும் பெண்ணுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐரோப்பா அல்ல, இந்த மாதிரி ஒரு தாள் இல்லாததுதான். இரவில் புது ஊரில் போய் இறங்காமல் ரயிலைத் தேர்ந்தெடுப்பதும், முதல் இரவு அறையை நிலையத்துக்குப் பக்கத்தில் பிடிப்பதும் ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும்.

மாற்ற முடியாதவை நாட்கள், விசா, மருந்து, வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதி. இவற்றில் கறாராக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் மாறலாம், மாறத்தான் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளைக் காலண்டரில் எதுவும் எழுதாமல் விட்டுவைக்கலாம். பத்து நாள் என்று நினைத்த ஊர் நாலு நாளில் அலுத்தால் கிளம்பிவிடலாம். ஒரு நாளுக்கு என்று இறங்கிய ஊரில் ஒரு வாரம் தங்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் காகிதங்களைச் சேர்த்ததும் நாட்களை எண்ணியதும் அதற்காகத்தான்.