தங்கை மகளுக்கு வாங்கிய மடிக்கணினி



உங்கள் இல்லத்துப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்குமாயின், முதலில் என் வாழ்த்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், "கம்ப்யூட்டர் எது வாங்குவது?" என்னும் கேள்வி வீட்டில் எழுந்துவிடும். அக்கேள்விக்கு ஒருமுறை தவறான விடை சொன்னவன் நான். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. இன்று செய்வது மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது. ஆகவே என் சொல்லை நிபுணரின் சொல்லாகக் கொள்ள வேண்டாம். அடிபட்டவனின் சொல்லாகக் கொள்ளுங்கள்.

என் தங்கையின் கணவர், மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மௌத்தாகிவிட்டார். பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் தமிழகத்தில் வந்ததன் பயனாக, 2022ஆம் ஆண்டு அவளுக்கு வெளி மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. எஞ்சியவை எங்கள் பொறுப்பு: வெள்ளை அங்கி, புத்தகங்கள், போக்குவரத்து, இவற்றோடு ஒரு மடிக்கணினி.

தங்கை தன் கையிற் கிடந்த மெல்லிய வளையல் ஒன்றைக் கழற்றினாள். அடகு வைத்தால் வட்டி கட்ட நேரும் என்று அஞ்சி, அதை விற்றே விட்டாள். அந்தப் பணத்தோடு நாங்கள் பெரிய கடை ஒன்றுக்குச் சென்றோம்.

கடைச் சிப்பந்தி நல்ல கணினி ஒன்றைக் காட்டி, "மாதத் தவணையில் எடுங்க ஹஜ்ரத், வட்டியே கிடையாது" என்றார். நான் தவணைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் வட்டி என்று ஒரு தொகை இருந்தது. அதே தொகை தள்ளுபடி என்று இன்னொரு வரியிற் கழிக்கப்பட்டிருந்தது. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும் கழிக்கப்படாமல் நின்றது. வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அதைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையிற் குறைத்துக் காட்டுகிறார். சுழிய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருந்ததைப் பின்னர் அறிந்தேன். இத்தகைய தவணைக்கு மார்க்கச் சட்டம் என்ன என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டுமே சொல்கிறேன். எங்களுக்கு அது வேண்டாமென்று பட்டது. எழுந்து விட்டோம்.

இதுவரை நான் செய்தது சரியே. தவறு அடுத்த கணத்தில் நேர்ந்தது. வட்டியைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில், பொருளைப் பார்க்கத் தவறினேன். ரொக்கத்துக்கு எது மலிவோ அதைக் கேட்டேன். 24,990 ரூபாய்க்கு மெலிந்த, வெள்ளி நிறத்துக் கணினி ஒன்று கிடைத்தது. புத்தம் புதியது, கைக்கு அழகானது. "படிக்கிறதுக்கு இது தாராளம்" என்று தங்கையிடம் அறுதியிட்டுச் சொன்னேன். சொன்னவன் நான் என்பதால் அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிள்ளை ஊருக்கு வந்திருந்தாள். பெருநாளுக்கு மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மாடியறையில் படித்துக்கொண்டிருந்தாள். கணினியின் திரை தன் காலில் தானே நிற்கவில்லை. பின்னால் தடித்த உடற்கூற்றியல் நூல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதில் திரையைச் சாய்த்திருந்தாள். இடப்பக்கத்துக் கீல் பெயர்ந்து, உள்ளிருந்த கம்பி வெளியே தெரிந்தது. என்னைக் கண்டதும் துப்பட்டாவால் அதை மூடப் பார்த்தாள்.

"எத்தனை நாளாக?" என்று வினவினேன்.

"ஜனவரியிலிருந்து மாமா. படம் தெரியுது, அது போதும்."

ஐந்து மாதங்கள்! நோய்க்கூற்றியலும் மருந்தியலும் தொடங்கிய இரண்டாமாண்டு முழுவதும் இப்படியே ஓடியிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலை குனிந்தபடியே, "சொன்னா உம்மா அடுத்த வளையலைக் கழட்டுவாங்க மாமா" என்றாள்.

வாசகர்களே, அன்று அந்த அறையில் எனக்கு விடை இருக்கவில்லை. மலிவாக வாங்கிக் கொடுத்தவன் நான். அதன் சுமையைத் தாங்கியவள் அந்தப் பிள்ளை.

உத்தரவாதக் காலம் ஓராண்டு. கீல் முறிந்ததோ பதினான்காம் மாதத்தில். காலம் முடியாதிருந்தாலும் பயனில்லை. உடைந்த பாகத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது, கீழே போட்டிருப்பீர்கள் என்று பணிமனையிற் சொல்லிவிட்டார்கள்.

சென்னை ரிச்சி தெருவில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கணினி பழுது பார்க்கும் தொழில் செய்கிறார். அந்தக் கணினியை அவரிடம் கொண்டு சென்றேன். அவர் அடிமூடியைத் திறந்து காட்டிய பிறகே எனக்குக் கண் திறந்தது. கீலைத் தாங்கும் திருகாணிகள் உலோகத்தில் இறங்கவில்லை. பிளாஸ்டிக் மேட்டில் பதித்த சிறு பித்தளை மரைகளில் இறங்கியிருந்தன. நாளுக்குப் பத்துத் தடவை திறந்து மூடினால், கீலின் இறுக்கத்தைப் பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? நினைவகம் 4 ஜிபி. அதுவும் பலகையோடு பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. சேமிப்பகமும் அப்படியே. "இதைத் திறக்கலாம் ஹஜ்ரத், மாற்றுவதற்கு உள்ளே எதுவும் இல்லை" என்றார் அவர். உழைக்கும் பொருளுக்கு இலக்கணம் உடையாதிருப்பது மட்டும் அன்று. உடைந்த பாகத்தை மாற்ற முடிவதும்தான் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

இம்முறை கடைக்குப் போகுமுன் பிள்ளையை உட்கார வைத்து, நாள்தோறும் எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று கேட்டேன். முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பேராசிரியர்கள் தரும் பாடப் படங்களைப் பார்ப்பது, திசுக்களின் நுண்படங்களைப் பெரிதாக்கி நோக்குவது, பதிவு செய்த விரிவுரைகளைக் கேட்பது, வினா வங்கியில் விடை பழகுவது, கருத்தரங்குக்கு எழுதுவது. இவ்வளவே. வார்டுக்கு அதை எடுத்துச் செல்வதில்லை; அங்கே கைப்பேசி போதும். விடுதி அறையில் மின்சாரம் போனாலும் சில மணி நேரம் ஓட வேண்டும். நாலைந்து மணி நேரம் பார்த்தாலும் கண் நோகாத திரை வேண்டும். விளையாட்டுக்கென்று செய்யப்படும் கனத்த கணினி இவளுக்கு வேண்டியதில்லை. அதன் விலையிற் கணிசமான பங்கு மருத்துவ மாணவிக்குத் தேவைப்படாத வரைகலைச் சில்லுக்குப் போகிறது. எடையும் கூடுதல், மின்கலமும் விரைவில் இறங்கும்.

மாணவர் காட்டிய வழி இது. பெரிய நிறுவனங்கள் தம் ஊழியருக்கென்று வாங்கும் கணினி வரிசைகள் தனியாக உள்ளன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவை அவ்வகையின. திங்க்பேட் 1992இல் ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கிய வரிசை. 2005இல் லெனோவோவின் கைக்கு வந்தது. இவ்வரிசைகளில் கீல் உறுதியானது. பலவற்றின் விசைப்பலகை சிந்திய நீரை ஓரளவு தாங்கும். எந்தத் திருகாணியை எந்த வரிசையிற் கழற்றுவது என்ற பழுதுபார்ப்புக் கையேட்டைத் தயாரிப்பாளரே வெளியிடுகிறார். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து நிறுவனங்கள் இவற்றைக் கழித்துவிடும்போது, செப்பனிடப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. புதிதில் நம் கைக்கு எட்டாதவை, அப்போது எட்டுகின்றன.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பழசா காக்கா? மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்?" என்றாள். அவள் மனம் எனக்குத் தெரியும். தகப்பனில்லாப் பிள்ளை என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதே அவள் கவலை. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். புதிதாக வாங்கியது 19 மாதங்களில் தீர்ந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டும் பயிற்சி மருத்துவராக ஓராண்டும் சேர்ந்து 2028இல் முடியும். 33,000 ரூபாய்க்கு வாங்குவது அதுவரை ஓடினால் மாதத்துக்கு 730 ரூபாய்தான். தாளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "உனக்குச் சம்மதமா?" என்று அவளிடம் கேட்டாள். பிள்ளை சிரித்தாள்: "எனக்கு நேரா நிக்கிற ஸ்கிரீன் இருந்தா போதும் உம்மா."

பழையதை வாங்குவோர் ஏமாறும் இடங்களும் உண்டு. மாணவர் எங்களுக்காகப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலாவது செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10க்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறையாக ஓடுவதற்கு, இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ ஆக இருக்க வேண்டும். ஐ5 என்ற பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். பத்தாண்டுகளுக்கு முந்தைய ஐ5உம் ஐ5தான். அதையடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை. நாங்கள் எடுத்தது பத்தாம் தலைமுறைத் திங்க்பேட்.

அடுத்தது மின்கலம். விண்டோஸிலேயே மின்கல அறிக்கை ஒன்றை எடுக்க முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அதில் புதிதாக இருந்தபோது எவ்வளவு, இன்று எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். எங்களுடையது 50 வாட்-மணிக்கு 34 காட்டியது. ஆகவே புதிய மின்கலம் போடச் சொன்னோம். சேமிப்பகம் சுழலும் தட்டு உள்ள பழைய வகையாக இருந்தால் வாங்க வேண்டாம்; எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். ஓடும் தட்டு, தட்டினால் கெடும். நினைவகம் 8 ஜிபி பலகையில் இருந்தது. காலியாகக் கிடந்த செருகுமிடத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டோம். இந்தக் காலியிடம் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். மெலிந்த கணினிகள் பலவற்றில் இருப்பதில்லை.

பழைய நிறுவனத்தின் கடவுச்சொற் பூட்டு உள்ளே எஞ்சியிருக்கிறதா என்பதைத் தொடக்க அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அவர் பார்த்தார். பூட்டு இருந்தால் அக்கணினி என்றைக்கும் முழுமையாக நம்முடையதாகாது. செருகுமிடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் விளக்குப் பிடித்து நோக்கினார். எங்கள் ஊரைப்போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்ட கணினிக்கு அதுவே நோயின் அறிகுறி. வரிசை எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அது இல்லாத சரக்கு எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இராணுவத் தரம் என்று கணினிகளில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகள் அவை: வீழ்ச்சி, அதிர்வு, ஈரம், தூசு முதலியன. சோதனை செய்வது அத்துறை அன்று, தயாரிப்பாளரோ அவர் அமர்த்திய கூடமோதான். சீட்டு இருப்பது நல்லதே. அதை நம்பிக் கட்டிலிலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டாம்!

கடையில் எழுத்து மென்பொருள்களின் திருட்டுப் பிரதியை இலவசமாகப் போட்டுத் தருவதாகப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். வேண்டாமென்றோம். பிறர் பொருள் என்பது ஒரு காரணம்; கிருமி அதன் வழியாகவே நுழைகிறது என்பது இன்னொன்று. லிப்ரே ஆஃபீஸ் என்னும் மென்பொருள் முறைப்படியே விலையின்றிக் கிடைக்கிறது. பிள்ளைக்கு அது பழகச் சில நாட்கள் பிடித்தன.

கணினி 27,500, நினைவகம் 1,800, மின்கலம் 3,700: ஆக 33,000 ரூபாய். இது 2024 ஜூலை விலை. 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டதால், நீங்கள் போகும்போது கூடுதலாகக் கேட்கலாம். கையில் இதைவிடப் பணம் இருப்போர் இத்தகைய வரிசைகளிற் புதியதை வாங்கி, மூன்றாண்டு உத்தரவாதமும் தவறி விழுந்தால் ஈடு தரும் காப்பும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நாங்கள் அறியாமற் போனது அதைத்தான்.

மஹல்லா பைத்துல்மாலில் 15,000 ரூபாய் கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தார்கள். மாதம் ஆயிரமாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். மீதியிற் பாதியை நான் ஏற்றேன். தங்கை மறுத்தாள். "இது உதவி இல்லைம்மா, போன தடவை நான் சொன்ன சொல்லுக்கு அபராதம்" என்றேன். அதன் பிறகு அவள் வாதாடவில்லை.

2025 அக்டோபரில் கடைசி ஆயிரத்தைச் செலுத்திவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். வளையலின்றி இருந்த அவள் கையை அன்று நான் பார்க்காதிருக்க முயன்றேன். திங்க்பேட் அறுவைச் சிகிச்சைப் பாடங்கள் வரை வந்துவிட்டது. இதுவரை ஒரு விசைத் தொப்பி மட்டும் மாற்றியிருக்கிறோம். பழைய வெள்ளிக் கணினியின் திரையை மாணவர் கழற்றியெடுத்துவிட்டு, பழைய மானிட்டர் ஒன்றோடு இணைத்துத் தந்தார். அது இப்போது எங்கள் மதரஸாவின் மேசை மேல் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வின் வினாத்தாள்களை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். அதற்கு 4 ஜிபி போதும்.