கியர் விழலையா? முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க

கார்ல கியர் விழ மாட்டேங்குதுன்னா "கியர் பாக்ஸ் போச்சு"ன்னு நாமளே தீர்ப்பு எழுதிடுறோம். பல நேரத்துல கியர் பாக்ஸ் நிரபராதி. இந்தக் குழப்பம் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. அதான் டாக்டருக்கு இங்க என்ன வேலைன்னு கேக்காம மேல படிங்க.

ஒரு குழந்தை முட்டி வலின்னு நொண்டிட்டு வரும். முட்டியை எக்ஸ்ரே எடுத்தா சுத்தமா இருக்கும். இடுப்பு மூட்டைப் பார்த்தாத்தான் நோய் புரியும். இடுப்புக்கும் முட்டிக்கும் போற நரம்புகள் பொதுவா இருக்குறதால, ஒரு இடத்து நோய் இன்னொரு இடத்துல வலியாத் தெரியும். கார்லயும் அப்படித்தான். வலி தெரியுற இடம் கியர் லிவர். நோய் பல சமயம் கிளட்ச்ல.

என் கார் பத்து வயசு தாண்டின ஹேட்ச்பேக். காலையில ரிவர்ஸ் போட்டா "கர்ர்ர்"னு அரைச்சுது. ஒரு வாரத்துல ஃபர்ஸ்ட் கியரும் முரண்டு பிடிச்சுது. இங்க காலாப்பட்டுல பல்கலைக்கழக வாசல் முன்னாடி ஈ.சி.ஆர். எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பஸ் பறக்கும், பசங்க குறுக்கே ஓடுவாங்க. அங்க ஒரு நாள் கிளட்ச்சை அடி வரைக்கும் மிதிச்சு, ஃபர்ஸ்ட் கியர்ல நிக்கிறேன். ரோடு சமதளம். கார் மெல்ல முன்னாடி நகருது. பிரேக்ல கால் இருந்ததால நின்னுச்சு.

ஒரு ஒர்க்‌ஷாப்ல லிவரை நாலு தடவை ஆட்டிப் பார்த்துட்டு, "கியர் பாக்ஸை இறக்கணும் சார், சிங்க்ரோ போயிருக்கும்"னாங்க. முட்டி வலின்னு சொன்ன உடனே எம்.ஆர்.ஐ. எழுதுற டாக்டரைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கியர் எப்படி விழுதுன்னு பார்த்தீங்களா?" பார்க்கலை.

இந்த டெஸ்டுக்குக் காசு கிடையாது. சமதளத்துல ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்திட்டு, கிளட்ச்சை மிதிச்சு எல்லாக் கியரையும் வரிசையாப் போட்டுப் பாருங்க. அப்புறம் இன்ஜின் ஓடும்போது, அதே இடத்துல, அதே கியர்கள். நிறுத்தினப்போ வழுக்கிட்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிச்சா கிளட்ச் முழுசா விடுபடலைன்னு அர்த்தம். பெடலை மிதிச்சா இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பு அறுபடணும். அரைகுறையா அறுபட்டா உள்ள இருக்குற ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கும். சுத்துற பல்லுல இன்னொரு பல்லைக் கோக்கப் பார்த்தா அரைக்காம என்ன பண்ணும்? இன்ஜின் நின்ன பிறகும் இறுகலா இருந்தாத்தான் லிவருக்குக் கீழ இருக்குற கேபிள், புஷ், இல்லைன்னா பாக்ஸோட உள்பக்கம்னு சந்தேகப்படணும்.

ரிவர்ஸ் இன்னொரு நல்ல சாட்சி. பல கார்கள்ல அதுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது. கிளட்ச்சை மிதிச்சு மூணு நாலு செகண்ட் பொறுத்துப் போடுங்க. அப்பவும் அரைச்சா ஷாஃப்ட் நிக்கலை.

என் கார் ஆஃப்ல அருமையா விழுந்துச்சு. அடுத்து, பெடலை நாலஞ்சு தடவை வேகமா மிதிச்சுட்டுப் போட்டேன். கியர் சமத்தா உக்காந்துச்சு. ஆயில் அழுத்தத்துல வேலை செய்யிற கிளட்ச்ல இது முக்கியமான குறி: எங்கேயோ கசிவு, இல்லைன்னா லைன்ல காத்து. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தா பெடலுக்கு மேல ஈரம். பானெட்டைத் திறந்தா பிரேக் ஆயில் டப்பாவுல அளவு இறங்கியிருக்கு. பல கார்கள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அதனால ஆயில் குறைஞ்சா "ஊத்திக்கலாம்"னு விடாதீங்க. எங்க போகுதுன்னு தேடுங்க. ரத்தம் குறையிற ஆளுக்கு பாட்டில் ஏத்தி வீட்டுக்கு அனுப்புவோமா?

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரோட ரப்பர் சீல் தேஞ்சிருந்துச்சு. எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் சிலிண்டரை மாத்தி, பழைய ஆயிலை எடுத்துட்டு, காத்து எடுத்துக் கொடுத்தாரு. ஒரு மதியத்துல வேலை முடிஞ்சுது. கியர் பாக்ஸ்ல யாரும் கை வைக்கலை.

இதுக்காக சிங்க்ரோ எப்பவுமே போகாதுன்னு இல்லை. ஓடுற வண்டியில கியர் மாத்தும்போது ரெண்டு சக்கரத்தோட வேகத்தையும் சமப்படுத்துற பித்தளை வளையம் அது. 1891 வாக்குல பிரான்ஸ்ல லெவாசர் கிளட்ச்சும் சறுக்கு கியரும் வச்சு கார் செஞ்சப்போ (அப்போ நம்ம பாண்டிச்சேரியும் பிரெஞ்சு ஊர்தான்) அது கிடையாது. ஓட்டுறவரே வேகத்தைக் கணிச்சுப் போடணும். 1928ல காடிலாக் கார்ல ஏர்ல் தாம்ப்சனோட சிங்க்ரோ வந்த பிறகுதான் சாமானியருக்கு நிம்மதி. ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமா மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைச்சு, மத்ததெல்லாம் ஒழுங்கா விழுந்தா அந்தக் கியரோட சிங்க்ரோவைச் சந்தேகப்படலாம். போட்ட கியர் தானா வெளிய துள்ளினா, அதுவும் பாக்ஸ் பக்கத்துக் கேஸ். இன்ஜின் மவுண்டையும் கூடப் பார்க்கச் சொல்லுங்க. இதுக்கெல்லாம் பாக்ஸை இறக்கறது நியாயம்.

சத்தமும் பேசும். நியூட்ரல்ல நிறுத்தி, பெடலை மிதிச்சா சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். மிதிச்சா நின்னு, விட்டா வந்தா கியர் பாக்ஸ் பக்கத்துப் பேரிங். ஸ்டெதஸ்கோப் கூட வேணாம்.

நாலாவது கியர்ல மிதிச்சா இன்ஜின் மட்டும் அலறுது, வண்டி வேகமெடுக்கலைன்னா அது நேர் எதிர் வியாதி. கிளட்ச் பிளேட் வழுக்குது. சிக்னல்ல ஆஃப் கிளட்ச்லயே நிக்கிறவங்களுக்குச் சீக்கிரம் வரும்.

கடலோரத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணு. ஒயர் வச்ச கிளட்சா இருந்தா உப்புக்காத்துல ஒயரும் அதோட முனைகளும் துருப்பிடிச்சுப் பெடல் கல்லு மாதிரி ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்க. ஆயில் கிளட்ச்னா, அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். கியர் ஆயில் மாத்தும்போது மேனுவல்ல ஜி.எல்.4னு இருந்தா, "5 இன்னும் ஒஸ்தி சார்"னு ஊத்த விடாதீங்க. பித்தளை வளையத்துக்கு எல்லா 5ம் ஒத்துவராது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "கியர் சரியில்லை"ன்னு மொட்டையாச் சொல்லாதீங்க. எந்தக் கியர், இன்ஜின் சூடாகும் முன்னாடியா பின்னாடியா, ஆஃப்ல எப்படி, பெடலை நாலு தடவை மிதிச்சா மாறுதா, டப்பாவுல ஆயில் குறையுதா, இதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க. கழட்டின பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பாருங்க.