இரண்டு மாமாக்கள்

என் அக்காள் மகளுக்கு இரண்டு மாமாக்கள் உண்டு. ஒருவன் நான். இன்னொருவருக்கு 2024-ஆம் வருஷம் மார்ச் மாதம் தொண்ணூறு வயது நிறைந்தது. அவர் ஒரு பாட்டி.

வாசகர்கள் குழம்ப வேண்டாம். அமெரிக்காவின் தென்கோடியில் லூயிசியானா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே பாட்டியைப் பலரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகாரத்தைச் சற்றே ஓகாரத்தின் பக்கம் சாய்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தாத்தாவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'பாப்பா'! எண்பது வயதுக் கிழவரைப் பேரப்பிள்ளைகள் "பாப்பா, பாப்பா" என்று அழைப்பதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். மாமா என்றால் அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

எங்கள் குடும்பத்துக்கும் இந்த மாமாவுக்கும் உறவு உண்டானது சோற்றினால். 1989-இல் அத்தான் என்ஜினீயரிங் மேல்படிப்புக்காக லூயிசியானாவில் உள்ள லாஃபயட் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு வீட்டின் பின்கட்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள், மூன்று வேளையும் சோறு கேட்கிற பையனைப் பார்த்து முதலில் திகைத்தாளாம். பிறகு மகிழ்ந்து போனாளாம். அந்தப் பக்கத்து ஜனங்களும் சோறு தின்கிறவர்கள். "நீ எங்கேயோ வழிதவறிப் போன எங்கள் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தட்டில் மலையாகக் குவிப்பாளாம். அத்தான் கையைக் குறுக்கே நீட்டி, "போதும், போதும்" என்பார். சொன்ன பிறகும் தட்டைக் காலி செய்துவிடுவார். ஆகவே 'போதும்' என்றால் 'ரொம்ப ருசி' என்று அர்த்தம் என அந்த அம்மாள் முடிவு செய்துகொண்டாள். கடைசி வரையில் அத்தான் திருத்தவில்லை. சோறு அல்லவா விஷயம்?

பிற்பாடு அக்காள் மணமாகிப் போனபோது அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாள்தான். ஹூஸ்டனில் குழந்தை பிறந்த சமயம் எங்கள் தாயாருக்கு உடம்பு சரியில்லை; விமானம் ஏற முடியவில்லை. லூயிசியானாவிலிருந்து மாமா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கி, நாற்பது நாள் இருந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பெற்றவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் அம்மா செய்ய வேண்டியதை அவர் செய்தார். அப்படிப்பட்டவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள். ஹூஸ்டனுக்கு விருந்தாளியாகப் போயிருந்த என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

புறப்படுவதற்கு முந்தின இரவு நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

என்னுடைய புது நாவலின் முதல் பிரதியை மருமகளுக்கென்று எடுத்துப் போயிருந்தேன். இருபது வயதுப் பெண். கையில் வாங்கினாள், பக்கங்களைப் புரட்டினாள், முகர்ந்து பார்த்தாள். "அட்டை ரொம்ப அழகா இருக்கு, மாமா" என்றாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. தமிழ் பேச்சு ஏதோ தட்டுத் தடுமாறி வரும்; எழுத்து தெரியாது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. சாப்பாட்டு மேஜையில் அக்காளிடம் சொன்னேன்: "இருபது வருஷம் மூன்று வேளையும் சோறு போட்டிருக்கிறாய். தினம் மூன்று எழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பெண் ஊமையாக நிற்குமா?"

அக்காள் பதில் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எழுத்தாளன் அல்லவா, நல்ல வாக்கியம் ஒன்று சொல்லிவிட்ட திருப்தியில் நான் தூங்கப் போனேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அத்தானுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் மருமகள்தான் சாரதி. பக்கத்தில் நான். பின்னால் அத்தானும் அக்காளும், நடுவில் ஓர் எவர்சில்வர் தூக்குப் புளியோதரையும். சுமார் 220 மைல். பத்தாம் நம்பர் நெடுஞ்சாலை, கிழக்கே ஃபிளாரிடாவிலிருந்து மேற்கே கலிபோர்னியா வரை கடற்கரைக்குக் கடற்கரை போகிற சாலை. அதில் ஒரு துண்டுதான் எங்கள் பங்கு. அக்காள் என்னோடு பேசவில்லை. "மாமாவுக்குக் காப்பி வேணுமா கேளு" என்று மகள் மூலமாகத்தான் உபசாரம் நடந்தது.

போமாண்ட் நகரத்தைத் தாண்டினோம். பிறகு சபைன் ஆறு. அதுதான் எல்லை, இந்தக் கரை டெக்சாஸ், அந்தக் கரை லூயிசியானா. அங்கே வரவேற்புப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. சர்க்கார் பலகையில் இன்னொரு பாஷை! நான் கண்களை அகல விரித்துக்கொண்டு பார்த்தேன்.

அத்தான் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கனடாவின் கீழ்க்கோடியில் அகாடி என்ற பிரதேசத்தில் வாழ்ந்த பிரெஞ்சு ஜனங்களை 1755-இல் வெள்ளைக்காரச் சர்க்கார், அதாவது நம்மை ஆண்ட அதே பிரிட்டிஷ் சர்க்கார், ஊரை விட்டுத் துரத்திக் கப்பலேற்றியது. குடும்பங்கள் சிதறின. திசைக்கொருவராக அலைந்தவர்களில் பலர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1785-இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர். 'அகாடியன்' என்ற சொல் தேய்ந்து 'கேஜன்' ஆயிற்று. மாமா அந்தக் கேஜன் குலத்தவர்.

லேக் சார்ல்ஸ் ஊரில் ஓர் உயரமான பாலம். 1952-இல் திறந்தது. கைப்பிடிக் கம்பிகளில் இரண்டு இரண்டு கைத்துப்பாக்கிகள் குறுக்காக வைத்த மாதிரி வார்ப்பு வேலை. பழைய கடற்கொள்ளைக்காரன் ஒருவனின் ஞாபகமாம். நம் ஊரில் பாலத்துக்கு மந்திரி பெயர் வைக்கிறோம். அவர்கள் துப்பாக்கியையே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். க்ரௌலி என்ற ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை வயல். வரப்பு, தண்ணீர், கொக்கு. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் தண்ணீரில் நாற்று இல்லை. வரிசை வரிசையாகச் சிவப்புத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கிராஃபிஷ் பிடிக்கும் கூண்டுகள் என்றார் அத்தான். இறாலும் நண்டும் கலந்தாற்போன்ற நன்னீர் ஜந்து அது. நெல்லை அறுத்தபின் தாளோடு வயலில் தண்ணீரைக் கட்டுகிறார்கள். அந்தத் தாளை நம்பி அது வளர்கிறது. ஒரே வயல் ஒரு பருவம் சோறும் மறு பருவம் கறியும் தருகிறது. சைவனாகிய நான் முதல் பாதியை மட்டும் மெச்சினேன்.

மாமா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். லாஃபயட்டுக்குக் கிழக்கே ப்ரோ பிரிட்ஜ் பக்கம், 'பாயூ டெஷ்' என்கிற மெதுவான ஓடையின் கரையில் வீடு. முற்றத்தில் பெரிய ஓக் மரம். கிளைகளிலிருந்து நரைத்த தாடி போலப் பாசி தொங்குகிறது. அது மரத்தை உறிஞ்சுவதில்லையாம். அன்னாசிப் பழத்துக்குத் தூரத்து உறவாம். மரத்தடியில் ஐம்பது பேர். ஒரு பெரிய அண்டாவில் கிராஃபிஷும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் மிளகாய்ப் பொடியில் கொதித்துக்கொண்டிருந்தன. மேஜைகளில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் அப்படியே கவிழ்க்கிறார்கள். எனக்கென்று யாரோ புண்ணியவான் இரண்டு சோளத்தைத் தனியாக வேகவைத்திருந்தார்.

நடுவில் சாய்வு நாற்காலியில் சின்னஞ் சிறிய உருவம். மருமகள் ஓடினாள். "மாமா!" என்றாள். நானும் திரும்பினேன்; அவரும் திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது. ஏதோ பேசினார். அது ஆங்கிலம் இல்லை.

சுற்றி நின்ற பிள்ளைகளும் பேரன்களும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு வருஷமாகவே ஞாபகம் மங்கி வருகிறதாம். முதலில் உதிர்ந்தது ஆங்கிலம். இப்போது பிறந்த வீட்டுப் பிரெஞ்சு ஒன்றுதான் மிச்சம். அதைப் பெற்ற பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த மகளுக்கு எழுபது வயது இருக்கும். தாழ்வாரத்தில் என் அருகே வந்து உட்கார்ந்தாள். என் ஆங்கிலம் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனது. அதற்குத் தகுந்தபடி நிதானமாகவே பேசினாள்.

"1968-இல் எங்கள் சட்டசபையே விழித்துக்கொண்டு பிரெஞ்சை வளர்க்க ஒரு மன்றம் அமைத்தது. பெல்ஜியம், பிரான்ஸ் என்று வாத்தியார்களை வரவழைத்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவிடம் சண்டை போட்டேன். 'வீட்டில் இருந்த சொத்தை எங்களுக்குத் தராமல் மறைத்துவிட்டாயே' என்றேன். அம்மா பதில் சொல்லாமல் பாத்திரம் தேய்த்தாள். எத்தனையோ வருஷம் கழித்துத்தான் சொன்னாள்."

சொன்னது இது. 1921-ஆம் வருஷத்து மாநிலச் சட்டப்படி பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான். பிரெஞ்சு பேசினால் அடி. 'பள்ளியில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று நூற்றுக்கணக்கில் இம்போசிஷன். ஆறு வயதில் முதல் நாள் பள்ளிக்கூடம் போன அந்தக் குழந்தைக்கு, 'வெளியே போக வேண்டும்' என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. பிரெஞ்சில் கேட்கப் பயம். உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. வகுப்பு முழுவதும் சிரித்தது. தன் வயிற்றில் பிறக்கும் குழந்தை எதுவும் அப்படி உட்காரக் கூடாது என்று அன்றைக்கு அவள் தீர்மானம் செய்தாள்.

"என்னைக் காப்பாற்றினாள். இப்போது அவள் தாகமென்று சொன்னாலும் எனக்கு விளங்குவதில்லை" என்று சொல்லிவிட்டு, அந்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

முந்தின இரவு அக்காள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது எனக்கு நினைவு வந்தது.

அக்காள் ஓடைக்கரையில் தனியே நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"இவளுக்கு மூணரை வயசு. காப்பகத்துல விட்டிருந்தோம். ஒருநாள் ஏணியிலேருந்து விழுந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் 'கை வலிக்குது, கை வலிக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. அதுங்களுக்கு விளங்கல. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுறான்னு நினைச்சிருக்காங்க. நான் போய்ப் பார்த்தா மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு, தம்பி. அன்னைக்கு ராத்திரிதான் நானும் அத்தானும் வீட்டுல இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சோம்."

அந்த வருஷங்களில் நான் அக்காளுக்கு எழுதிய கடிதங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. 'குழந்தைக்குத் திருக்குறள் எத்தனை பாடம் ஆயிற்று?' என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருப்பேன். "அக்கா, நேற்று ராத்திரி நான் பேசியது தப்பு" என்றேன். "போடா" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கேக்கு வெட்டினார்கள். எல்லாரும் பாடி முடித்ததும் மாமா சுற்றிலும் பார்த்து நீளமாக என்னமோ கேட்டார். "சின்னவளைக் கூப்பிடுங்கள்" என்று குரல் எழுந்தது. பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் வகுப்புகள் இப்போது அந்த வட்டாரத்துப் பள்ளிகள் சிலவற்றில் உண்டு. அப்படி ஒன்றில் படிக்கிற கொள்ளுப்பேத்தி, எட்டு வயதுச் சிறுமி, வாயில் கேக்கோடு வந்தாள். பாட்டியின் முழங்காலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். பிறகு சபையைப் பார்த்து அறிவித்தாள்: "இந்த ஜனங்களெல்லாம் யார் என்று கேட்கிறாள். யாராயிருந்தாலும் எல்லாருக்கும் சோறு போதுமா என்று கேட்கிறாள்."

ஐம்பது பேரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அக்காள் தூக்கைத் திறந்து ஒரு தட்டில் புளியோதரை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கண்ணை மூடினார். ஆங்கிலம் முழுவதும் உதிர்ந்துபோன அந்த வாயிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை வந்தது:

"போதும்."

சொல்லிவிட்டு, இன்னும் போடச் சொல்லித் தட்டை நீட்டினார். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓக் மரத்தைப் பார்க்கலானார்.

இரவு அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பினோம். துப்பாக்கிப் பாலத்தில் ஏறும்போது மருமகள், "மாமா, உங்க புக் பையிலதான் இருக்கு. நீங்க படிங்க, நான் கேட்கிறேன்" என்றாள். அதைக் கொண்டுவந்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதல் அத்தியாயத்தை வாசித்தேன். சொந்த எழுத்தை உரக்க வாசிப்பது போன்ற தண்டனை வேறில்லை. நான் அழகென்று நினைத்த இடங்களில் அவள் பேசாமல் கார் ஓட்டினாள். நான் சும்மா எழுதிப்போட்ட ஓரிடத்தில் கடகடவென்று சிரித்தாள். வழி நெடுக அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டு வார்த்தைகளுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவதாக, "ஆற்றாமைன்னா என்ன மாமா?" என்றாள்.

எத்தனையோ கதைகளில் எழுதிய சொல்தான். வாயைத் திறந்தால் விளக்கம் வரவில்லை. இப்படிச் சொல்லிப் பார்த்தேன், அப்படிச் சொல்லிப் பார்த்தேன், விழித்தேன்.

பின்னாலிருந்து அக்காள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரே வரி. சரியாகத்தான் இருந்தது.

"ஓ" என்றாள் மருமகள். எதிரே சபைன் ஆறு வந்துவிட்டது. "மேலே படிங்க, மாமா."